பவுனு பாஸ்

எங்கள் கம்பெனியில் பவுனக்காவுக்கு வேலை, ஒன்றும் தெரியாமல் இருப்பது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆறு இன்ஜினியர்கள், பேக்கிங்கில் பதினைந்து பேர், படம் வரைய நான் என்று இருக்கிற இடத்தில், ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கென்றே ஓர் ஆள். அந்த ஆளுக்கு மெத்தை வைத்த நாற்காலி ஒன்று. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது, முதலாளி உட்பட.

தில்லி பட்பட்கஞ்ச் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட். மயூர் விஹாரில் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், ஆட்டோக்காரன் ஒழுங்கானவனாக இருந்தால். நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான அறிவியல் பெட்டி. திறந்தால் மெல்லிய பலகைத் துண்டுகள், பல்சக்கரம், அச்சுக்கம்பி, நட்டு போல்ட்டு, ரப்பர் பேண்ட், சிலவற்றில் ஒரு சின்ன மோட்டார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதைத் தாங்களே கோத்து ஒரு கிரேனோ பம்போ காரோ செய்ய வேண்டும். கூடவே ஒரு புத்தகம். அதில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். எந்த மொழிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் செய்யலாம். அந்தப் படங்களைப் பதினோரு வருடமாக வரைகிறவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவமானப்படும்போது உதவும்.

முதலாளி ஜெயசீலன் நாகர்கோவில்காரர். பெரிய கார் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற கோளாறு அவரிடமும் உண்டு. யாரையும் புண்படுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

பவுனக்கா எங்களிடம் வந்தது கூட்டிப் பெருக்க. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் கல்யாணமாகி தில்லிக்கு வந்தவர். வீடு திரிலோக்புரி. வீட்டுக்காரர் ஏதோ சர்க்கார் அலுவலகக் கேன்டீனில் சமையல். பவுனக்கா காலையில் மூன்று வீடு கூட்டிவிட்டு, பதினோரு மணிக்கு எங்கள் ஷெட்டுக்கு வருவார். படிப்பு ஊரில் நான்காம் வகுப்பு வரை. அப்போதே அவருக்கு முப்பத்தெட்டு வயது. நடை மட்டும் இருபது வயதுக்காரி மாதிரி விறுவிறுவென்று இருக்கும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தராசுப் பெட்டி போட்டோம். இன்ஜினியர்கள் எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துச் செய்து, பிரமாதம் என்றார்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் பாதிப் பேர் நடுவிலேயே அழுதுவிட்டார்கள். ஜெயசீலன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பவுனக்கா, மேசையில் கிடந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்து, "இந்த ஓட்ட எந்தப் பக்கம் வரணுமுங்க சார்? மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

படத்தில் அது தெரியவே இல்லை. இன்ஜினியர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததால் படத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. ஜெயசீலன் எழுந்து நின்றுவிட்டார். "பவுனக்கா, அந்த வெளக்குமாத்தக் கீழ போடுங்க. இனி இதுதான் உங்க வேலை" என்றார். "உங்களுக்குப் புரிஞ்சா உலகத்துல எல்லாருக்கும் புரியும்."

பவுனக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் புதுப் பெட்டியும் பவுனக்காவின் மேசைக்குப் போகாமல் அச்சுக்குப் போகாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். பவுனக்கா உட்கார்ந்ததும் ஜெயசீலன் கடிகாரத்தை அமுக்குவார். சுற்றி நிற்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. பெருமூச்சுகூட விடக் கூடாது, அதுவும் துப்புக் கொடுக்கிற மாதிரிதான். எங்கே புரியவில்லையோ அங்கே பவுனக்கா ஓர் அடையாளம் வைக்க வேண்டும். முதல் நாள் பேனா கொடுத்தோம். அவர் பேனாவை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, புரியாத படத்தின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார். இருபத்து மூன்று பொட்டு. என் புத்தகம் அம்மை போட்ட மாதிரி திரும்பி வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மயூர் விஹார் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் ஓவியத்தில் முதல் பரிசு வாங்கியவள், ஓவியக் கல்லூரியில் படித்தவள், எனக்கு இந்த அம்மாள் பொட்டு வைக்கிறாரா? ஆனாலும் திருத்தி வரைந்தேன். மறுபடி பதினொரு பொட்டு. மறுபடி வரைந்தேன். கடைசியில் பொட்டே இல்லாமல் முடித்தபோது, ஜெயசீலன் புத்தகத்தின் மேல் பச்சை மையில் "பவுனு பாஸ்" என்று எழுதினார். அந்தத் தராசை அதற்குப் பிறகு செய்த பிள்ளைகளில் யாரும் அழவில்லை.

வருடம் போகப் போகப் பொட்டு குறைந்தது. இருபது பதினைந்தாயிற்று, பதினைந்து எட்டாயிற்று. கடைசி நாலு வருடமாக எந்தப் புத்தகத்துக்கும் நாலு அல்லது ஐந்துதான். நான் என்ன நினைத்தேன்? என் படம் தேறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். நான் ஒரு நாளும் பெட்டியைத் திறந்து எதையும் கோத்ததில்லை. இன்ஜினியர்கள் கம்ப்யூட்டரில் கொடுக்கிற உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைவேன். போல்ட்டைத் தொட்டால் கையில் கறுப்பு ஒட்டும், பிறகு காகிதத்தில் ஒட்டும். இது என் நியாயம்.

போன மே மாதம் ஷெட்டில் கூலர் கெட்டுப்போனது. ரிப்பேர்க்காரர் வந்து மோட்டாரை மாற்றிப் போட்டார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் தட்டிக்குப் பின்னால் வரைந்துகொண்டிருந்தேன். கூலர் ஓடுகிற சத்தம் கேட்டது, காற்று மட்டும் வரவில்லை.

"பையா, பங்கா உல்டா கூம் ரஹா ஹை" என்று பவுனக்காவின் குரல். "ஹவா பாஹர் ஜா ரஹி ஹை. யே தோ தார் பதல் தோ."

விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது, காற்று வெளியே போகிறது, இந்த இரண்டு வயரையும் மாற்றிக் கொடு என்கிறார். ரிப்பேர்க்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மாற்றினார். குளிர்ந்த காற்று என் மேசைக் காகிதங்களைப் பறக்கடித்தது. "ஆப் இன்ஜினியர் ஹைன் க்யா?" என்றார் ரிப்பேர்க்காரர். நீங்கள் என்ன இன்ஜினியரா என்று அவர் சிரிப்பது கேட்டது.

நான் தட்டியைத் தாண்டி வந்து நின்றேன். பவுனக்கா என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. ரிப்பேர்க்காரர் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"என்னதுங்க மேடம்?"

"நடிக்காதீங்க பவுனக்கா. எப்ப இருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும்?"

அவர் புடவை முந்தானையை விரலில் சுற்றினார். "நாலு வருசம் இருக்குமுங்க. பெட்டியத் தொறந்து துண்டுங்களப் பாத்தாலே கையி தானாச் செய்யிது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப இந்த நாலு வருஷமா வெச்ச பொட்டு?"

"சும்மா வெச்சதுங்க. ஒண்ணுமே வெக்காட்டி சாருக்குச் சந்தேகம் வந்துருமில்ல? அதான் அங்கொண்ணு இங்கொண்ணு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை நல்ல படத்தை, அந்தப் பொய்ப் பொட்டுக்காக அழித்து அழித்து வரைந்திருக்கிறேன்! கத்தியிருப்பேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்கிட்டச் சொல்லிராதீங்க மேடம். தெரியாதவளுக்குத்தான் இந்த நாற்காலி. தெரிஞ்சிருச்சுன்னா திரும்ப வெளக்குமாறுதான். நாப்பத்தாறு வயசுல குனிய முடியாது, அதுகூடப் போவட்டும். நான் மேசையில வந்து உக்காந்தா இங்க எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்க. எங்க வீட்ல, நான் வேல செஞ்ச வீட்ல, யாரும் எனக்காகப் பேச்ச நிறுத்துனதே இல்லீங்க."

நான் சொல்லவில்லை. இரக்கம் என்று எழுதிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால், சொன்னால் என் படம் தேறியதாக நான் அடித்த தம்பட்டமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து வந்தது ரப்பர் பேண்ட் கார். தில்லியிலேயே துவாரகாவில் ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தது, ஆறாம் வகுப்பில் நூற்று எண்பது பிள்ளைகள். அறிவியல் தினத்தன்று காலையில் வகுப்பில் உட்கார்ந்து காரைச் செய்து, அப்படியே கொண்டுவந்து பெற்றோர்கள் முன்னால் பந்தயம் விடுவதாக ஏற்பாடு. காரின் சூட்சுமம் எளிது. ரப்பர் பேண்டின் ஒரு முனை முன்னால் கொக்கியில், மறு முனை பின்சக்கர அச்சில். பின்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி முறுக்கிவிட்டால், கார் முன்பக்கம் பாயும். முன்பக்கமாகச் சுற்றினால் பின்பக்கம் பாயும். அவ்வளவுதான். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைப் பதினோராம் பக்கத்தில் ஓர் அம்புக்குறியால் காட்டியிருந்தேன்.

பவுனக்கா செய்தார். கடிகாரம் ஓடியது, நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். மூன்றாம் பக்கத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினான்கில் ஒன்று என்று நாலு பொட்டு வைத்தார். கார் மேசையில் முன்னால் ஓடியது. நான் ஓரத்தில் நின்று அந்த நாலு பொட்டையும் பார்த்து உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லாம் பொய்தானே என்று ஒரு படத்தையும் மாற்றாமல், திருத்திவிட்டேன் என்று கொடுத்தேன். பவுனு பாஸ். புத்தகம் அச்சுக்குப் போயிற்று.

அறிவியல் தினத்தன்று என்ன நடந்தது என்பதைப் பள்ளியின் அறிவியல் டீச்சர் அனுப்பிய வீடியோவில் பார்த்தோம். நீண்ட வராந்தா, சாக்பீஸ் கோடு, கோட்டில் முதல் வரிசையாக முப்பது கார். விசில் ஊதினார்கள். முப்பது காரும் சேர்ந்தாற்போல் பின்னால் பாய்ந்து, குனிந்திருந்த பிள்ளைகளின் ஷூவில் போய் முட்டின. பெற்றோர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. காதில் வெள்ளைத் தோடு போட்ட ஒரு பெண் மட்டும் தன் காரைத் தூக்கிப் பார்த்து, திருப்பி வைத்து, மறுபடி முறுக்கி விட்டாள். அது எல்லைக் கோடு வரைக்கும் போயிற்று. அவளைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்வதோடு வீடியோ முடிந்தது.

டீச்சரின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் புத்தகத்தில் இருந்தபடி அப்படியே செய்தார்கள், அதனால்தான் தோற்றார்கள், புத்தகத்தை நம்பாதே என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். இந்தப் புத்தகத்தை யார், எப்படிச் சோதித்தார்கள் என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி எல்லாம் திரும்பி வரும்.

பதினோராம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்தில் காரை இடப்பக்கமிருந்து வரைந்திருந்தேன். பதினொன்றில் வலப்பக்கமிருந்து. அம்பை மட்டும் திருப்பாமல் அப்படியே நகல் எடுத்து ஒட்டியிருந்தேன். நான், ஓவியத்தில் முதல் பரிசு.

சனிக்கிழமை காலையில் ஜெயசீலன் எல்லாரையும் மேசையைச் சுற்றிக் கூப்பிட்டார். நரேன் என்று ஒரு பையன், கார் பெட்டியை வடிவமைத்த இன்ஜினியர், அழுகிற நிலையில் நின்றிருந்தான்.

"அம்பு தப்பு. என் தப்பு" என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் தெரியாமலா போயிருக்கும்?

"வரையதுல தப்பு வரும் ப்ரீதா, அதைப் பிடிக்கத்தானே இந்த மேசை?" என்றார் ஜெயசீலன். "எனக்குப் புரியாதது இதுதான். படத்தப் பாத்துச் செய்தா கார் பின்னால போவணும். இங்க முன்னால போச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். எப்படிப் போச்சு?"

பவுனக்கா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்திருந்தார். ஜெயசீலன் அவரைப் பார்த்தார், உடனே முகம் இளகிவிட்டது. நல்ல மனிதர் என்றுதான் முன்னாலேயே சொன்னேனே.

"பாவம், பவுனக்கா காரத் திருப்பி வெச்சிருப்பாங்க. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்மதான் கவனிச்சிருக்கணும். சரிதானே பவுனக்கா? அப்படியே பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போடுகேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

நாற்காலி தப்பித்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். பவுனக்கா எப்போதும் போல அங்கேயே உட்கார்ந்திருக்கலாம், எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள், பச்சை மையில் பாஸ் போடுவார்கள். ஆட்டிவிடுங்கள், ஆட்டிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்கும் அதுதான் வசதி.

பவுனக்கா தலையை ஆட்டவில்லை.

"காருக்கு முன்னால எது, பின்னால எதுன்னுகூடத் தெரியாதவளாங்க சார் நானு?" என்றார். குரல் உயரவில்லை. "எட்டு வருசமா உங்க பெட்டி அத்தனையும் இந்தக் கையில செஞ்சிருக்கேன்."

"அப்படி இல்லக்கா, நான் சொல்ல வந்தது..."

"ஒரு பெட்டி எடுங்க தம்பி" என்றார் நரேனிடம்.

நரேன் எடுத்து வைத்தான். ஜெயசீலன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தை அமுக்கினார். பவுனக்கா முதலில் புத்தகத்தை எடுத்தார். அதைத் திறக்கவில்லை. மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். பிறகு துண்டுகளைக் கொட்டினார். எடுத்த துண்டு ஒன்றைக்கூட அவர் திரும்பக் கீழே வைக்கவில்லை. அச்சு, சக்கரம், கொக்கி, ரப்பர் பேண்ட், எல்லாம் வந்த வேகத்தில் இடத்தில் உட்கார்ந்தன. நடுவில் ஒரு பலகைத் துண்டை நரேனிடம் நீட்டி, "இந்த ஓட்ட கொஞ்சம் இறுக்கம் தம்பி, சின்னக் கையிக்கு வலிக்கும். அடுத்த வாட்டி பெருசு பண்ணுங்க" என்றார். அவன் தலையாட்டினான். ஆறு நிமிடம். பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கிற நேரம் நாற்பத்தைந்து நிமிடம்.

பின்சக்கரத்தைப் பின்பக்கமாக முறுக்கி விட்டார். கார் மேசை நீளத்துக்கும் முன்னால் ஓடி, ஜெயசீலனின் டீ கிளாசில் மோதி நின்றது.

"எனக்குத் தெரியுமுங்க சார். நாலு வருசமாத் தெரியும். தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன். அன்னைக்கு அந்த அம்ப நான் பாக்கவே இல்ல, கையி பாட்டுக்குச் செஞ்சிருச்சு. புள்ளைங்க தோத்தது என்னாலதான். அத எழுதுங்க."

ஜெயசீலன் கடிகாரத்தை நிறுத்த மறந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணைக் கவனித்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. அந்த மெத்தை நாற்காலியை எட்டு வருடமாக மரியாதை என்று நினைத்திருந்தோம். ஒருத்தியை ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, அவள் கற்றுக்கொண்டதை அவளே ஒளித்து வைக்கும்படி செய்திருக்கிறோம். அதுவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற கம்பெனியில். வெட்கக்கேடு.

பவுனக்கா எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினார். எழுந்தவர் கண், பழக்கத்தில், மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றின் பக்கம் ஒரு தரம் போய்வந்தது.

"அதைத் தொடாதீங்கக்கா" என்றார் ஜெயசீலன். டீ கிளாசில் முட்டி நின்ற காரை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "உண்மையத்தான் எழுதணும். எழுதுகேன். ஆனா இனிமே இந்த நாற்காலியில யார உக்கார வைக்கது?"

வாசலில் காந்திமதி தண்ணீர் கேனை இறக்கிக்கொண்டிருந்தாள். பவுனக்காவுக்குப் பிறகு கூட்டிப் பெருக்க வந்தவள். ஜெயசீலன் பார்வை அந்தப் பக்கம் போனதைப் பவுனக்கா பார்த்துவிட்டார்.

"அவ வேணாங்க சார். ரெண்டு வருசத்துல அவளும் கத்துக்குவா. அப்புறம் தெரியாத மாதிரி உக்காந்திருக்கணும். அது ரொம்பக் கஷ்டமுங்க."

"பின்ன யாரு?"

பவுனக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கேலியாகத்தான் பார்த்தார்.

"ப்ரீதா மேடம் இருக்காங்களே. பதினோரு வருசமா படம் வரையறாங்க. இந்நேரம் வரைக்கும் ஒரு போல்ட்டு முடுக்குனதில்ல."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். ஜெயசீலன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைப் பவுனக்காவிடம் கொடுத்தார். பவுனக்கா நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். போய் உட்கார்ந்தேன். மெத்தை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

நரேன் இன்னொரு பெட்டியைத் திறந்து வைத்தான். என் புத்தகத்தை என் முன்னால் விரித்தேன். பவுனக்கா கடிகாரத்தை அமுக்கினார், எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனம் எவ்வளவு பெரியது என்று உட்கார்ந்தால்தான் தெரியும். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம், விரலெல்லாம் கறுப்பு. மூன்றாம் பக்கத்தில் இரண்டு ஓட்டை உள்ள பலகை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. படத்தைத் திருப்பிப் பார்த்தேன், பலகையைத் திருப்பிப் பார்த்தேன். நரேன் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தான். பவுனக்கா உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினார்.

பிறகு தன் பையைத் திறந்து, பொட்டு அட்டையை எடுத்து என் கைப்பக்கம் நகர்த்தினார். நாலு வருடமாக அவர் வைத்த பொய்ப் பொட்டுகளில் ஒன்று, கார் சோதனையன்று இதே இடத்தில்தான் இருந்தது. அதை நான் கோபத்தில் அலட்சியம் செய்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில், என் படத்தின் மேல், முதல் பொட்டை நானே ஒட்டினேன்.